வில்லும் பாரமும்

வில் என்னும் சொல்லுக்குத் தமிழிலே நெடிய வரலாறு உண்டு. வேடன் கையிலும் வேந்தன் கையிலும் விளங்கிய அச்சொல், போர்க்கருவி என்ற நிலையிற் பயனற்றுப்போன பின்னரும் மறைந்துவிடவில்லை. மாட்டு வண்டியின் அடியிற் சென்று தங்கிக்கொண்டது. வளைந்த உருக்குத் தகடுகள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின்மீது இருக்கையை அமைத்த வண்டியை மக்கள் வில்லு வண்டி என்றனர். இங்கிலாந்திலே ஒபதையா எலியட் என்பார் இரு தகட்டடுக்குகளை எதிரெதிரே கவிழ்த்துப் பொருத்திய நீள்வட்ட வில்லுக்கு உரிமம் பெற்ற ஆண்டு 1804. அப்பெயர்களுள் எதுவும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளுக்கு வந்து சேரவில்லை. பொருள் மட்டும் வந்தது. வந்த பொருளைப் பார்த்தவர்கள் தம்மிடம் முன்பே இருந்த சொல்லை அதற்குச் சூட்டிவிட்டனர்.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. வில்லு வண்டியில் ஏறியோர் வசதி படைத்தோர். எருவும் விறகும் நெல்லும் ஏற்றிய பார வண்டிக்கு வில் இருக்கவில்லை. அதன் தளத்துக்கும் அச்சுக்கும் இடையே மரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆளுக்கு வில், பாரத்துக்குக் கட்டை என்பதே அக்கால நியதி. வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் கூறும் மயிலிறகு வண்டியும் வில்லில்லாத வண்டியாகவே இருந்திருக்க வேண்டும். அதன் அச்சு முறிவதற்கு முன்னர் எச்சரிக்கை எதுவும் கிடைக்கவில்லை. இறகு ஏறுகிறது, இன்னும் ஏறுகிறது, பின்னர் அச்சு முறிகிறது. இடையில் ஒன்றும் நிகழ்வதில்லை.

மோட்டார் லொறியும் பிக்கப்பும் வந்த பின்னரே பாரத்துக்கும் வில் கிடைத்தது. அதனோடு, இடையில் நிகழும் ஒன்றும் கிடைத்தது. பாரம் ஏற ஏற வண்டியின் பின்புறம் தாழ்கிறது. இலங்கைப் பாடநூல்களிலே சுருளியாக அமைந்ததும் வில், தகடாக அமைந்ததும் வில். பொருளைத் தொங்கவிட்டு நிறை காணும் கருவி விற்றராசு. பாரம் எவ்வளவோ அவ்வளவுக்கு வில் இழுபடும் அல்லது அமுங்கும் என்று ஊக்கின் விதியைப் படித்த மாணவன் எவனும் சொல்லுவான். அவ்வாறு நோக்குமிடத்து வீதியிற் செல்லும் ஒவ்வொரு பிக்கப் வண்டியும் ஒரு விற்றராசே. அதனைப் பார்த்து நிறையை வாசிப்போர்தாம் அருகிப்போயினர்.

பிக்கப் வண்டியின் பின்புறத்தை உயர்த்துவது பற்றிப் பேசும்போது இந்தத் தராசை மறந்துவிடலாகாது. வெறுமையாக நிற்கும் பிக்கப் ஒன்றைப் பக்கவாட்டிலே பார்த்தால் அதன் பின்புறம் சற்று எழும்பியே இருக்கும். அது அழகுக்காக அமைந்ததன்று. உரிய பாரம் ஏறியதும் தாழ்ந்து சமநிலைக்கு வரட்டும் என்று கருதி வைத்த உயரம் அது. ஏறத்தாழ ஒரு தொன் பாரத்துக்கென அமைந்த வண்டியிலே 50 கிலோகிராம் மூடைகள் இருபதை ஏற்றினால் அந்தக் கணக்கு நிறைவுறும். முப்பது ஏற்றினால் முன்புறம் வானத்தைப் பார்க்கும். முன்விளக்குகள் மரக்கொப்புகளுக்கு ஒளி கொடுக்கும். எதிரே வருபவனின் கண் கூசும்.

வலிகாமத்துச் செம்மண் ஊர் ஒன்றிலே அவ்வாறு முப்பது மூடை ஏற்றிய ஒருவர் இருந்தார். வயது நாற்பதைக் கடந்தவர். 1990களின் தொடக்கத்திற் செய்யப்பட்ட, நான்கு சில்லும் இழுக்கும் ரொயோட்டா ஹைலக்ஸ் வண்டி ஒன்று அவருடையது. மனைவியின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகள் யாவும் வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன; அவற்றுக்கு ஈடாக இந்த வண்டி வீட்டு முற்றத்தில் நின்றது. ஊரிலிருந்து வெங்காயமும் வாழைக்குலையும் பருவத்திலே கரட்டும் பீற்றூட்டும் தம்புள்ளைச் சந்தைக்குப் போகும். தம்புள்ளையிலிருந்து உருளைக்கிழங்கும் மலைநாட்டு மரக்கறியும் திரும்பி வரும். ஒரு வழிக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர்.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இலேதான் அத்தடை தனியார் வாகனங்களுக்கும் நீங்கியது. இடைப்பட்ட காலத்திலே பழைய வண்டியின் விலை புதிய வண்டியின் விலையைப் பார்த்துச் சிரித்தது. மாற்று வண்டி என்ற எண்ணத்துக்கே இடமில்லை. இருப்பதைத் திருத்தி ஓட்ட வேண்டும். 2022இன் தொடக்கத்தில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல், அவ்வாண்டு ஆனி மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. வரிசையில் இரவுகள் கழிந்தன. பின்னர் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தது. வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தனர். அம்முறை 2023 புரட்டாதியில் நீக்கப்படும்வரை ஓட்டத்தின் எண்ணிக்கை அவர் கையில் இல்லை. ஓட்டத்தைக் கூட்ட முடியாதவன் மூடையைக் கூட்டுகிறான். இது பேராசை என்று சொல்வது தவறு, வகுத்தற் கணக்கு.

தகடுகள் முப்பதாண்டு உழைத்தவை. வளைவு இழந்து, வெறுமையிலேயே நேராகிக் கிடந்தன. பாரம் ஏற்றினால் எதிர்ப்புறம் வளைந்தன. பள்ளத்திலே சில்லு விழுந்தபோதெல்லாம் சட்டகம் அச்சில் இடித்தது. ஆகவே அவர் கண்டி வீதியோரத்திலே தகடு திருத்தும் பெரியவர் ஒருவரிடம் போனார்.

“அண்ணை, பின்பக்கம் ஒரு மூண்டு அங்குலம் உயர்த்தித் தரவேணும்.”

பெரியவர் குனிந்து பார்த்தார். “எவ்வளவு ஏத்திறீர், தம்பி?”

“முப்பது மூடை. சில நேரம் கூடும்.”

“அப்ப அது தாழத்தானே வேணும். தாழ்றது வருத்தமில்லைத் தம்பி, அது சொல்லுற கதை.”

வண்டியின் பின்புறத்தை உயர்த்தும் வழிகள் பல. எல்லாவற்றினும் எளியது குற்றி வைத்தல். வில் அச்சின்மேற் கிடக்கும் வண்டிகளிலே இரண்டுக்கும் இடையில் இரும்புக் குற்றி ஒன்றைச் செருகி, நீளமான யூ போல்ற்றுகளால் இறுக்கினால், குற்றியின் உயரம் எவ்வளவோ அவ்வளவுக்கு வண்டி எழும். (வில் அச்சின் கீழே கட்டப்பட்ட வண்டிகளும் உள. அங்கே அதே குற்றி வண்டியைத் தாழ்த்திவிடும். இதனை அறியாமற் குற்றி வாங்குவோர் பணத்தையும் ஒரு நாளையும் இழப்பர்.) குற்றி வில்லின் வலிமையை மாற்றுவதில்லை, உயரம் மட்டுமே தரும். ஆனால் வண்டி புறப்படும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் அச்சு தானே சுழல முயலும். குற்றி உயர உயர அந்த முயற்சிக்கு நெம்புகோல் நீள்கிறது. குற்றியின்மேற் குற்றி வைப்பதை அனுபவமுள்ளோர் எவரும் ஒப்பார்.

இன்னொன்று ஷக்கிளை நீட்டுதல். வில் அமுங்கும்போது அதன் நீளம் கூடுவதால், பின்முனையைச் சட்டகத்தோடு அசையாமற் பொருத்த முடியாது. ஊசலாடும் சிறு இணைப்பு ஒன்றினாலே தொங்கவிடுவர். அதுவே ஷக்கிள். அதனை இரண்டு அங்குலம் நீட்டினால் அச்சுக்கு மேலே கிடைப்பது ஓரங்குலமே. வில்லின் ஒரு முனை மட்டும் தாழ, அச்சு நடுவில் நிற்பதால் வரும் பாதிக் கணக்கு அது. அதனோடு அச்சும் சற்றே திரும்பிவிட, அதற்குச் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டின் இணைப்புக் கோணம் பிழைத்து, ஓட்டத்திலே அதிர்வு உண்டாகும்.

மூன்றாவது, அடுக்கிலே புதிதாக ஒரு தகட்டைச் சேர்த்தல். இது உயரத்தையும் தரும், விறைப்பையும் தரும். வெறுமையாகத் திரும்பும் வழியிலே ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்சில்லுகள் துள்ளும் என்பது இதற்குரிய விலை. நான்காவது, தளர்ந்த தகடுகளைக் கழற்றி, அவற்றின் வளைவை மீட்பது. அல்லது அடுக்கையே மாற்றுவது. பெரியவர் ஒப்பிய வழி இது ஒன்றே. தகடுகளைக் குளிர்நிலையிலேயே அழுத்தியில் வைத்துச் சிறிது சிறிதாக வளைத்தெடுக்க வேண்டும். கரியடுப்பிலே சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தால் வேலை விரைவில் முடியும். ஆனால் மீண்டும் எண்ணெயிலே தோய்த்து வன்மையேற்றி, பின்னர் அளவாகச் சூடுகாட்டிப் பதப்படுத்தாவிட்டால் தகட்டின் உயிர் போய்விடும். சில வாரத்திலே அது பழையபடி படுத்துவிடும். இந்த உண்மை தகடு திருத்துவோரைக் காட்டிலும் ஊர்க்கொல்லர்களுக்கு நன்கு தெரியும். முறிந்த லொறித் தகட்டை அவர்கள் பொன்போற் பேணுவர். கத்தியும் கொடுவாக்கத்தியும் அதிலிருந்து பிறக்கின்றன. பாரத்தைத் தாங்கிய இரும்பே கூரையும் தாங்கும் என்பது அவர்களின் கணிப்பு.

பெரியவர் மூன்று நாள் கேட்டார். அதற்குமேல் அவர் சொன்ன சொல் கேட்டவருக்கு உவப்பாக இருக்கவில்லை. “ஸ்பிறிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சு அதேதான், பெயரிங் அதேதான், பிறேக் அதேதான். ரயரைத் திருப்பிப் பாரும், எவ்வளவு தாங்குமெண்டு அதிலேயே அடிச்சிருக்கு. நான் உயர்த்திறது பெட்டியைத் தம்பி, பலத்தை இல்லை.”

மூன்று நாள் என்பது ஒரு வாரத்துப் பங்கீட்டு டீசலைப் பயன்படுத்தாமல் விடும் நாள். அவர் வேறோரிடத்துக்குப் போனார். அங்கே இருந்த இளைஞன் கெட்டிக்காரன். பிற்பகல் ஒன்றுக்குள் இரண்டங்குலக் குற்றியும் பக்கத்துக்கு ஒரு தகடும் ஏறின. வண்டி நிமிர்ந்தது. முப்பது மூடை ஏற்றியபோதும் நிமிர்ந்தே நின்றது. முன்விளக்கு வீதியிலே விழுந்தது. இரவிலே எதிரே வருவோர் விளக்கை அணைத்து அணைத்து எரித்துக் கோபம் காட்டுவது நின்றது. சட்டகம் அச்சில் இடிக்கும் ஓசையும் நின்றது. சோதனைச் சாவடிகளில் நிற்போரின் கண்ணும் வண்டியின் பின்புறத்தைத்தான் முதலிற் பார்க்கும்; தாழாத வண்டியை எவரும் மறிப்பதில்லை. இவையெல்லாம் நன்மைகளே, மறுப்பதற்கில்லை. ஆயின் அவை எல்லாவற்றுக்கும் அடியிலே ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்திருந்தது. முன்னர் அரைத் தொன் ஏற்றும்போது எவ்வளவு தாழ்ந்ததோ, அந்த அளவுக்கே இப்போது ஒன்றரைத் தொன்னுக்கும் வண்டி தாழ்ந்தது. தராசு பொய் சொல்லத் தொடங்கிவிட்டது. அந்தப் பொய்யைக் கேட்டு நடப்பது ஒன்று வண்டியின் அடியிலே இருந்தது என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

2022 கார்த்திகை மாதத்து இரவொன்றிலே தம்புள்ளையிலிருந்து முப்பது மூடை உருளைக்கிழங்கோடு வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. ஓமந்தையிலிருந்தே மழை. முன்னிருக்கையில் வியாபாரி ஒருவர் இருந்தமையால், உதவிக்குச் சென்ற பையன் பின்னாலே மூடைகளின்மேல் ஏறி, காற்றிலே எழும்பும் படங்கின் ஓரத்தைப் பிடித்தபடி இருந்தான். அவன் அவருடைய தமக்கையின் மகன். வயது பத்தொன்பது. க.பொ.த. உயர்தரப் பரீட்சை, தள்ளிப்போய்த் தள்ளிப்போய், 2023 தை 23ஆம் திகதி தொடங்கும் என்று இருந்தது. பரீட்சைக்குரிய செலவைத் தானே தேடவேண்டும் என்ற எண்ணத்திலேதான் அவன் வாரத்தில் ஓரிரவு மாமனோடு போய்வந்தான்.

மாங்குளம் கழிந்து, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலுக்கு இன்னும் சிறிது தூரம் இருந்தது. மழைக்காலத்திலே அப்பகுதி மாடுகள் ஈரத் தரையை விட்டு வீதியில் வந்து படுத்துக்கொள்ளும். விளக்கொளியிலே கன்றொன்று தெரிந்தது. அவர் பிறேக்கை மிதித்தார். முன்சில்லுகள் இரண்டும் சுழல்வதை நிறுத்திவிட்டு வழுக்கின. சுக்கானைத் திருப்பினார்; வண்டி திரும்பவில்லை. நேரே போயிற்று. கன்று எழுந்து விலகியது. வண்டி வீதியோரத்து மென்மண்ணில் இறங்கி, முன்புறம் வாய்க்காலிற் புதைய நின்றது. முன்னே இருந்தவர்களுக்குக் காயமில்லை. பின்னே இருந்த பையன் மூடைகளோடு தூக்கி எறியப்பட்டான். வலக்கையை ஊன்றி விழுந்தமையால் மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

மாடு என்றனர் சிலர். மழை என்றனர் சிலர். முறிகண்டிக்கு இந்தப் பக்கம் நடந்திருக்காவிட்டால் பிள்ளையார் காப்பாற்றியிருப்பார் என்று ஒருவர் சொன்னார். வண்டியைக் கட்டியிழுத்துக் கொண்டுவந்தபின், அவர் அதனைப் பெரியவரிடமே விட்டார். போக வேறிடம் இருந்தது. ஆனால் மனம் அங்கேதான் போயிற்று.

பெரியவர் மரக்குற்றிகளின்மேல் வண்டியை நிறுத்தி, அடியிலே சென்று நெடுநேரம் படுத்திருந்தார். பின்னர் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்சை வாரும். இதைப் பாரும்.”

சட்டகத்திலே சிறு வால்வு ஒன்று. அதிலிருந்து நீண்ட இரும்புக் கையொன்றை மெல்லிய கம்பி அச்சோடு இணைத்தது. அந்தக் கை கீழே தொங்கிக் கிடந்தது. அதன் கதையை அறிவது இன்றியமையாதது. வெறும் பிக்கப் ஒன்றின் பின்சில்லுகளிலே நிறை குறைவு. அப்போது பின்புறத்துக்கு முழு பிறேக் கொடுத்தால், அச்சில்லுகள் முதலில் இறுகி வண்டி பின்னாலே சுழன்றுவிடும். பாரம் ஏறியபோதோ பின்சில்லுகள் நிலத்தை நன்கு பற்றும். அப்போது அவற்றுக்கு முழு பிறேக் வேண்டும். எப்போது கொடுப்பது, எப்போது குறைப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அந்த வால்வினுடையது. அது பாரத்தை எவ்வாறு அறிகிறது? மூடையை எண்ணியன்று. சட்டகத்துக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கொண்டே அறிகிறது. தூரம் குறைந்தால் கை மேலெழும். பாரம் ஏறிவிட்டது என்று வால்வு கொள்ளும். பின் பிறேக்குக்கு எண்ணெய் அழுத்தம் தாராளமாகச் செல்லும். தூரம் கூடினால் வண்டி வெறுமை என்று கொண்டு குறைத்துவிடும்.

“இதுக்குக் கண்ணில்லைத் தம்பி. உயரம் ஒண்டுதான் தெரியும். நீர் முப்பது மூடை ஏத்தியிருக்க, இது வெறும் வண்டியெண்டு நினைச்சுக்கொண்டு பின் பிறேக்கை அடக்கி வைச்சிருக்கு. முழுப் பாரத்தையும் முன்சில்லு ரெண்டும் மறிக்க வேண்டி வந்தது. நனைஞ்ச றோட்டிலை அது எப்பிடி மறிக்கும்?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கீழே கிடந்தபடி அந்தக் கையை விரலால் மேலே தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது விழுந்தது.

குற்றி வைத்த இளைஞனைக் குறைகூறுவது எளிது. கேட்டதை அவன் செய்தான். கேட்ட விலையைக் கொடுத்தனர். முப்பது மூடைக்கு வாடகை பேசிய வியாபாரிக்கு அந்த வால்வைத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவன் பேசியது மூடைக்கூலி, பிறேக்குக் கூலி அன்று. பங்கீட்டுக் குறியீட்டை வகுத்தவருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. இவ்வாறு ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டு போனால் இறுதியில் எஞ்சுவது, படங்கைப் பிடித்தபடி மேலே இருந்த பையனின் மணிக்கட்டு. பாரம் எப்பொழுதும் அடியிலே இருப்பவன்மேல்தான் இறங்கும் என்பார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் மேலே இருந்தவன்மேல் அது இறங்கியிருந்தது.

திருத்த வேலை இம்முறை ஐந்து நாள் பிடித்தது. குற்றிகள் கழற்றப்பட்டன. உடைத்து விற்கப்பட்ட வண்டியொன்றிலிருந்து நல்ல தகடுகள் வாங்கி, வளைவு பார்த்து, ஒவ்வொன்றாகத் துருப் போக்கி, பழையவற்றுட் பயன்படக்கூடியவற்றோடு அடுக்கினார் பெரியவர். அடியிலே நேராகக் கிடக்கும் தடித்த துணைத்தகட்டை அவர் மாற்றவில்லை. மேலுள்ளவை போதிய அளவு அமுங்கிய பின்னரே அது பாரத்திற் பங்கெடுக்கும். அதனாலே வெறுமையில் மென்மையும் நிறைவில் வன்மையும் கிடைக்கும். இறுதியில் வண்டி, அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது நின்றிருக்கக்கூடிய உயரத்துக்கு மேலே ஓரங்குலம் எழுந்திருந்தது. அந்த ஓரங்குலத்துக்கும் கணக்குத் தீர்த்தார். வால்வின் கம்பி அச்சிலே பொருந்தும் தாங்கியை ஓரங்குலம் உயர்த்தி, கை பழைய நிலையிலே நிற்கும்படி செய்தார். அச்சு முழுவதும் தொங்கும்போது பிறேக் குழாய் இழுபடுகிறதா, ஷொக் அப்சோபர் தன் நீளத்தின் எல்லையைத் தொட்டு அச்சின் நிறையைத் தானே தூக்க வேண்டி வருகிறதா என்று பார்த்தார். முன்விளக்கைச் சுவரிலே அடித்துச் சரிசெய்தார். மூன்றங்குலம் கேட்டு வந்தவருக்கு ஓரங்குலம் கொடுக்க ஐந்து நாள். முறிந்த பழைய தகடு ஒன்றை மட்டும் அவர் தமக்கென எடுத்து வைத்துக்கொண்டார். அயலிலுள்ள கொல்லர் அதற்காகக் காத்திருந்தார்.

அளவுகோல் செய்யும் யோசனை பையனுடையது. கை முழங்கைவரை கட்டுப்பட்டிருந்தமையால் அவனுக்குப் படிப்பதைத் தவிர வேறு வேலையில்லை, படித்ததும் பௌதிகம். கடையொன்றின் முற்றத்திலே வண்டியை நிறுத்தி, நிறை தெரிந்த 50 கிலோகிராம் மூடைகளை ஐந்தைந்தாக ஏற்றச் செய்தான். ஒவ்வொரு முறையும் அச்சுக்கும் சட்டகத்தின் இடிதாங்கி இறப்பருக்கும் இடையிலுள்ள தூரத்தை அவனுடைய மாமன் அளந்து சொல்ல, அவன் இடக்கையாற் கோணல் எழுத்தில் எழுதினான். வெறுமையில் ஏழு அங்குலம். பத்து மூடைக்கு ஐந்தேகால். இருபது மூடைக்கு நான்கு. முதற் பத்துக்கு ஒன்றேமுக்கால் தாழ்ந்த வண்டி, அடுத்த பத்துக்கு ஒன்றேகாலே தாழ்ந்தமைக்குக் காரணம் துணைத்தகடு என்பதை அவன் விளக்க, பெரியவர் அதனைப் புதிதாகக் கேட்பவர்போற் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு அங்குலத்திலே பூவரசந்தடி ஒன்றை வெட்டி, சாரதியின் இருக்கைக்குப் பின்னாலே செருகி வைத்தனர். தடி நுழைந்தால் இன்னும் ஏற்றலாம். நுழையாவிட்டால் இறக்க வேண்டும்.

தை மாதத்திலே, பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பாகக் கட்டு அவிழ்ந்தது. மணிக்கட்டு பழையபடி மடங்கவில்லை. மூன்று மணி நேர வினாத்தாளுக்கு நடுவே பல தடவை பேனையைக் கீழே வைத்து விரல்களை நீட்டி நீட்டி எழுதினான். தாய் அந்நாள்களில் தம்பியோடு பேசவில்லை. அவரும் அதனை எதிர்பார்க்கவில்லை. பாடசாலை வாசல்வரை பையனை வண்டியிலே கொண்டுபோய் விட்டு, முடியும்வரை மரநிழலிலே நின்று, கூட்டிவந்தார். அந்நாள்களில் ஓட்டமில்லை. டீசல் பங்கீடு அந்த வாரங்களிலே பரீட்சைக்கே செலவாயிற்று.

மாசியில் ஊரெங்கும் கரட் கிண்டினார்கள். கழுவி மூடை கட்டிய தோட்டக்காரர்கள் மாலையிலே வாசிகசாலை முன்றிலுக்குக் கொண்டுவருவார்கள். பதினெட்டு மூடை ஏறிய பின்னர், ஒரு தோட்டக்காரர் நான்கோடு வந்தார். இரண்டு ஏறின. அவர் குனிந்து தடியை வைத்துப் பார்த்தார். சற்று இறுக்கமாக நுழைந்தது.

“மற்ற ரெண்டும் நாளையிண்டைக்கு, அண்ணை.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? போன வருசம் இதே வண்டியிலை முப்பது ஏத்தினனி. ரெண்டு மூடை வாடி அழுகினா ஆர் காசு தாறது?”

நியாயமான கேள்வி அது. அவர் மறுமொழி சொல்லவில்லை. இருபது மூடைக்கு வரும் கூலியிலே டீசலும் வட்டியும் போக மிஞ்சுவது எவ்வளவு என்பதை அவர் மனத்திலே பலமுறை பார்த்திருந்தார். தடியை எடுத்து இருக்கைக்குப் பின்னாலே செருகினார். படங்கை இழுத்துக் கட்டத் தொடங்கினார்.

தோட்டக்காரர் சிறிது நேரம் நின்று பார்த்தார். பின்னர் வீதியைப் பார்த்துக் கையைக் காட்டினார். அயலூர்ப் பிக்கப் ஒன்று வந்து நின்றது. அதன்மேல் மூடைகள் சாரதியின் கூரைக்கு மேலே எழுந்திருந்தன. இரண்டு இளைஞர் இறங்கி, எஞ்சிய இரு மூடைகளையும் தூக்கி மேலே எறிந்தனர். அந்த வண்டியின் பின்புறம் சிறிதும் தாழவில்லை.